குறட்டை, பகல் தூக்கம், ஸ்டீயரிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி, பஸ், வாடகை கார் ஓட்டுபவர்களும் அவர்கள் வீட்டாரும் தூக்கத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளிய சந்தேகங்கள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப்போக வரும்.

"குறட்டை விட்டா நல்லா ஆழ்ந்து தூங்குறாங்கன்னுதானே அர்த்தம்?"

இல்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மெல்லிய சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்குகின்றன. அந்த இடுக்கில் காற்று போய்வரும்போது எழும் அதிர்வுதான் குறட்டை. ஒரே தாளத்தில் சீராக வரும் குறட்டை பலருக்கும் உண்டு. அதனால் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தொல்லை.

அந்தப் பாதை முழுசாக அடைத்துக்கொண்டால் அது நோய். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஓரிரு நொடி விழித்துத் தொண்டையைத் திறந்துவிடும். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். காலையில் இதில் எதுவும் நினைவிருக்காது. 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் அது ஒரு தடை என்று கணக்கு. நோய் முற்றியவருக்கு மணிக்கு 30 தடவைக்கு மேல் இது நடக்கும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ உலுக்கி எழுப்பினால் எப்படித் தூங்குவீர்களோ, அப்படித்தான் அவர் இரவெல்லாம் தூங்குகிறார். இதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா.

"எட்டு மணி நேரம் படுத்தும் காலையில அசதியா இருக்கு. வேலைக் களைப்பா, வியாதியா?"

வேலைக் களைப்பு என்றால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் தீர்ந்துவிடும். அப்னியாவில் எத்தனை மணி நேரம் படுத்தாலும் தீராது. கூடவே காலையில் தலைவலி, வாய் வறண்டு எழுவது, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவது, மறதி, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல், எத்தனை மாத்திரை போட்டாலும் இறங்காத ரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. எப்வொர்த் அளவுகோல் என்பார்கள். எட்டுச் சூழ்நிலைகள்: உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது, மதியம் சற்றுப் படுக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, மது இல்லாத மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைதியாக உட்காரும்போது, நெரிசலில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் கண் அசரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். கூட்டினால் 24-க்கு 11 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தத் தூக்கம் இயல்பானதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் தூங்கி விழுபவர் மொத்தக் கூட்டுத்தொகைக்குக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பார்த்துவிடலாம்.

"என் வீட்டுக்காரர் தூக்கத்துல மூச்சு நின்ன மாதிரி ஆகுறார். நான் என்ன கவனிக்கணும்?"

இந்த நோயை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மனைவிதான். நீங்கள் பார்த்ததைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது, விடியற்காலை 3 மணிக்கு மேல் கவனியுங்கள். கனவு வரும் தூக்கம் அந்நேரம் அதிகம், தசை தளர்ச்சியும் அப்போது கூடும். குறட்டை சட்டென்று நின்று, வயிறு மட்டும் ஏறி இறங்கி, பிறகு உறுமலோடு மூச்சு வருகிறதா பாருங்கள். நின்றதிலிருந்து திரும்பும்வரை எத்தனை நொடி என்று எண்ணுங்கள். செல்போனில் 5 நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். முகத்தோடு நெஞ்சும் வயிறும் படத்தில் தெரிய வேண்டும். மருத்துவர் அறையில் பத்து நிமிடம் பேசுவதைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும்.

விழித்திருக்கும்போது விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி 98 காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆக்சிஜன் இறங்குவது தூக்கத்தில்.

"நான் ஒல்லிதான். குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே இது வரும்?"

உடல் எடை பெரிய காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை. கீழ்த்தாடை சிறியதாக அல்லது பின்தள்ளி இருப்பது, பெரிய டான்சில், மூக்குத் தண்டு வளைவு, தைராய்டு குறைவு, குடும்பத்தில் யாருக்காவது இருப்பது எல்லாமே காரணங்கள்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. பெண்களில் பலர் குறட்டையைச் சொல்வதில்லை. தூக்கமின்மை, சோர்வு என்றுதான் வருகிறார்கள், அதனால் கண்டுபிடிப்பதும் தாமதமாகிறது.

மருத்துவர்கள் எட்டு விஷயம் பார்ப்பார்கள்: சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆணாக இருப்பது. 3 பொருந்தினால் பரிசோதனையைப் பற்றி யோசிக்கலாம், 5 பொருந்தினால் தள்ளிப்போடக் கூடாது. கழுத்தளவுக்குத் தையல்காரரிடம் போக வேண்டாம், வீட்டில் இருக்கும் டேப் போதும்.

"வண்டி ஓட்டும்போது எல்லாருக்கும்தானே கண்ணு சொருகும்? எனக்கு மட்டும் என்ன பெருசா ஆபத்து?"

எல்லோருக்கும் வரும் என்பது உண்மை. ஆனால் அப்னியா இருந்து சிகிச்சை எடுக்காதவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.2 முதல் 4.9 மடங்கு வரை அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சிகிச்சையில் அந்த அபாயம் நன்றாக இறங்குகிறது என்பதும் அதே போன்ற தொகுப்புகளில் தெரிந்ததுதான்.

கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி தூங்கிவிடும். இந்தக் குட்டித் தூக்கம் 1 நொடி முதல் 15 நொடி வரை நீளலாம். 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. 4 நொடி அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர் யாருமே ஓட்டாத வண்டி அது. அதனால்தான் தூக்க விபத்துகளில் பிரேக் போட்ட தடம் அநேகமாக இருப்பதில்லை, மோதலும் முழு வேகத்தில் நடக்கிறது.

"தூக்கம் வந்தா எனக்குத் தெரியும். அதுக்குள்ள ஓரம் கட்டிடுவேன்."

தூக்கம் வருவது தெரியும். எந்த நொடியில் தூங்குவோம் என்பது யாருக்கும் தெரியாது. "நான் தூங்கல, லேசா அசந்தேன்" என்று பிறகு சொல்வதே அதற்குச் சாட்சி. தூக்கம் குறையக் குறைய முதலில் மழுங்குவது நம்மைப் பற்றிய நம் கணிப்புதான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனம் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03தான். காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலே அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்.

கொட்டாவியோடு நின்றால் அது ஆரம்பம். கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லாமல் போவது, திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிடுவது, கோட்டைத் தாண்டி டயர் ஓரத்துக் கீறலில் ஏறிச் சத்தம் கேட்பது, காரணமில்லாமல் வேகம் ஏறி இறங்குவது, தலை சட்டென்று தொங்குவது: இவற்றில் ஒன்று நடந்தாலும் நீங்கள் ஏற்கெனவே தூங்கியாகிவிட்டது. அடுத்து நிறுத்த முடிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

"முகம் கழுவி, ஜன்னலைத் திறந்து, பாட்டைச் சத்தமா வெச்சா சமாளிச்சிடலாமே?"

சமாளிக்க முடியாது. குளிர்ந்த காற்றும் பாட்டும் சில நிமிடம் விழிப்பூட்டும், பிறகு தூக்கம் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அதிகாலையில் நெடுஞ்சாலையில் போலீசார் வண்டியை மறித்து முகம் கழுவச் சொல்லி டீ கொடுக்கிறார்களே, அதில் உண்மையாகப் பலன் தருவது வண்டி நிற்பதும் இறங்கி நடப்பதும்தான். தண்ணீரின் தெம்பு டோல்கேட் தாண்டுவதற்குள் போய்விடும். பாக்கு, புகையிலை, மிளகாயைக் கடிப்பது, தொடையைக் கிள்ளுவது எல்லாம் இதே வகை. நம்மை ஏமாற்றி இன்னும் 20 கிலோமீட்டர் ஓட்ட வைப்பதால் இவை ஆபத்தைக் கூட்டத்தான் செய்கின்றன.

"அப்போ தூக்கம் தள்ளும்போது சரியா என்னதான் செய்யணும்? லோடு நேரத்துக்குப் போய்ச் சேரணுமே."

பெட்ரோல் பங்க், லாரி நிறுத்துமிடம், டோல்கேட்டை ஒட்டிய இடம் என்று ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். நின்றிருக்கும் லாரியின் பின்னால் வந்து மோதுபவரும் பெரும்பாலும் உங்களைப்போலத் தூங்கி வந்தவர்தான். நிறுத்தியதும் ஒரு ஸ்ட்ராங் காபி குடியுங்கள். 150 முதல் 200 மில்லிகிராம் காஃபின் வேண்டும், ஒரு சின்ன கிளாஸ் டீயில் அதில் கால்வாசி இருந்தாலே பெரிது. கெட்டி டிகாஷன் காபி இரண்டு டம்ளர் என்றால் ஓரளவு பக்கம் வரும். குடித்தவுடனே படுத்துவிடுங்கள். காஃபின் வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும், அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுக்கிறோம். 20 நிமிடத்துக்கு அலாரம். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி விடுங்கள். மூடிய வண்டியில் ஏசி ஓட எஞ்சினை இயக்கியபடி தூங்கினால் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரலாம், அதற்கு வாசனை கிடையாது.

எழுந்ததும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். விழித்தபின் 10, 15 நிமிடம் மூளை மந்தமாகவே இருக்கும். இறங்கி நடந்து, வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்து அந்த நேரத்தைக் கழியுங்கள். இதில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரத்து விழிப்பு. இரவு முழுவதும் ஓட்டுவதற்கான உரிமம் இல்லை. இரண்டாவது தடவையும் தூக்கம் தள்ளினால் காபி உதவாது, சில மணி நேரத் தூக்கம் மட்டுமே உதவும். அப்னியாவுக்குச் சிகிச்சை எடுக்காதவருக்கு இந்தக் குட்டித் தூக்கமும் பாதிப் பலன்தான் தரும், ஏனென்றால் அதிலும் மூச்சு நிற்கும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. விடியற்காலை 2 முதல் 6 வரையிலும் மதியம் 2 முதல் 4 வரையிலும் உடல் கடிகாரமே தூக்கத்தைத் தள்ளும். மதியத் தூக்கத்துக்குச் சாப்பாடு மட்டும் காரணம் இல்லை, பட்டினியாக இருந்தாலும் வரும். டெலிவரி நேரத்தைப் பேசும்போதே விடியற்காலை 2 முதல் 5 வரை நிற்பதைக் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள்.

"பைக்ல போறப்ப காத்து அடிக்குமே, தூக்கம் வராதுல்ல?"

வரும். காற்று அடிப்பதன் பலன் மேலே சொன்ன ஜன்னலின் பலன்தான். பைக்கில் ஓரக் கீறல் சத்தம் எச்சரிக்கும்வரை சமநிலை நிற்காது.

"டெஸ்டுக்கு ஆஸ்பத்திரியிலேயே படுக்கணுமா?"

எல்லோருக்கும் வேண்டாம். வீட்டுக்கே தந்தனுப்பும் சின்னக் கருவி உண்டு. மூக்கில் ஒரு குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஆக்சிமீட்டர். நகப்பூச்சு இருந்தால் எடுத்துவிடுங்கள். அன்று மது வேண்டாம். வழக்கமாக எப்போது தூங்குவீர்களோ அப்போதே மாட்டுங்கள். இரவில் ஓட்டிப் பகலில் தூங்குபவர் பகலில்தான் சோதிக்க வேண்டும். மருத்துவமனைச் சோதனையில் மூளை அலை, கண் அசைவு, கால் அசைவு, இதயத் துடிப்பு எல்லாம் சேரும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இதுதான் சரி.

வீட்டுக் கருவி நீங்கள் தூங்கினீர்களா, விழித்துப் புரண்டீர்களா என்று அறியாது. மூச்சு நின்ற எண்ணிக்கையைத் தூங்கிய நேரத்தால் வகுக்காமல் மொத்தப் பதிவு நேரத்தால் வகுப்பதால் நோயைக் குறைத்துக் காட்டலாம். குறட்டையும் பகல் தூக்கமும் பலமாக இருந்து வீட்டுச் சோதனை "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மருத்துவமனைச் சோதனையைக் கேளுங்கள்.

"ரிப்போர்ட்ல ஏ.எச்.ஐ. 34-ன்னு போட்டிருக்கு. நல்லதா கெட்டதா?"

ஒரு மணி நேரத்தில் மூச்சு முழுதாக நின்றதும் பெரிதாகக் குறைந்ததும் சேர்ந்து எத்தனை முறை என்பதுதான் அந்த எண். 5-க்குக் கீழ் இயல்பு. 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். உங்களுடையது தீவிரம். அதே தாளில் ஆக்சிஜன் எவ்வளவு தாழ்ந்தது என்ற எண்ணையும் பாருங்கள். ஒரே ஏ.எச்.ஐ. உள்ள இருவரில் ஒருவருக்கு 88 வரையும் இன்னொருவருக்கு 65 வரையும் இறங்கியிருக்கலாம். மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று பிரித்தும் போட்டிருப்பார்கள். மல்லாந்தபோது மட்டும் எண் ஏறியிருந்தால் படுக்கும் முறையை மாற்றுவதும் சிகிச்சையில் சேரும்.

"மெஷின் வேணாம். வேற வழி இல்லையா?"

தூங்கும்போது காற்றழுத்தத்தால் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினைத்தான் சொல்கிறீர்கள். லேசானவருக்கு வேறு வழி உண்டு. எடையில் 10 சதவீதம் குறைத்தால் ஏ.எச்.ஐ. ஏறக்குறைய கால்வாசி குறையும். முதுகுப் பக்கம் பந்து தைத்த பனியனோடு ஒருக்களித்துப் படுப்பது, இரவு மதுவை நிறுத்துவது, மூக்கடைப்புக்குச் சிகிச்சை, கீழ்த்தாடையை முன்னால் பிடித்து நிறுத்தும் பல் மருத்துவர் செய்து தரும் கருவி ஆகியவை உதவும். டான்சில் பெரிதாக இருந்தால் அறுவை சிகிச்சை பலன் தரும். எடை குறைக்க உதவும் டிர்செபடைடு ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, உடல் பருமனோடு நடுத்தர, தீவிர அப்னியா உள்ளவர்களுக்கு அனுமதித்தது.

ஆனால் இவற்றில் பல மாதக் கணக்கில் வேலை செய்பவை. நாளைக்கே பஸ் எடுக்க வேண்டிய ஒருவருக்கு ஏ.எச்.ஐ. 34 இருந்தால் காற்றழுத்த மெஷின்தான் வழி. எடை குறைப்பதை அதோடு சேர்த்துச் செய்யலாம்.

"சிபாப் மெஷின் என்னதான் செய்யுது? ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரியா?"

ஆக்சிஜன் தருவதில்லை. அறைக் காற்றையே லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்பி, தொண்டை சரியாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. டயருக்குள் காற்று இருப்பதால் அது நசுங்காமல் நிற்பது போல. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் இதை வெளியிட்டார். அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்கும். ஒரே அழுத்தத்தில் ஓடுவதும் உண்டு, தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைப்பதும் உண்டு.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பழைய மெஷின் வாங்கினால் முன்பு பயன்படுத்தியவரின் அழுத்தத்திலேயே ஓட்டாதீர்கள், உங்கள் ரிப்போர்ட்டின்படி மாற்றியாக வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் ஒலியடக்கும் நுரை சிதைகிறது என்று பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. பழைய மெஷினில் அந்த மாடலா என்று எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

"மாட்டினா வாய் காயுது, காத்து ஒழுகுது, மூச்சு முட்டுது. நாலே நாள்ல கழட்டி வெச்சிட்டேன்."

கழற்றி வைப்பவர்களில் பெரும்பாலோர் மெஷினால் தோற்பதில்லை, மாஸ்க்கால்தான் தோற்கிறார்கள். மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு இறுக்காதீர்கள். படுத்து, மெஷினை ஓடவிட்டு, காற்று வரும்போது பட்டைகளைச் சரிசெய்யுங்கள். முகச்சதை படுத்தால் வேறு வடிவம் எடுக்கும். ஒழுகினால் இன்னும் இறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கினால் மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு மடங்கி மேலும் ஒழுகும், மூக்குத்தண்டும் புண்ணாகும். தளர்த்தி, ஒருமுறை முகத்திலிருந்து தூக்கி, காற்றில் உப்பவிட்டு உட்கார வையுங்கள். கனத்த மீசை உள்ளவருக்கு மூக்கைச் சுற்றி உட்காரும் மாஸ்க் பெரும்பாலும் பொருந்தாது. நாசித் துளையில் மட்டும் செருகும் வகையைக் கேளுங்கள். படுக்கும் முன் முகத்தின் எண்ணெய்ப் பசையைச் சோப்பால் கழுவுங்கள். தைலம், பெட்ரோலியம் ஜெல்லி சிலிக்கோனைக் கெடுக்கும்.

வாய் காய்ந்தால் காற்று வாய் வழியாக வெளியேறுகிறது என்று பொருள். மூக்கடைப்பைச் சரிசெய்து, தாடைப் பட்டை அல்லது மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் முயலுங்கள். ஈரப்பதத் தொட்டியில் மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். ஆர்.ஓ. நீரில் உப்புப் படிவு மிஞ்சும். பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் மூச்சில் போவதற்காகச் சுத்தப்படுத்தியதல்ல. ஏசி அறையில் குழாயில் நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால் குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், ஈரப்பத அளவை ஒரு புள்ளி குறையுங்கள். மூச்சு முட்டுவது போலிருந்தால் பகலில் டிவி பார்த்தபடி தினமும் அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். அழுத்தம் மெல்ல ஏறும் அமைப்பு பெரும்பாலான மெஷின்களில் உண்டு, அதை 20 நிமிடத்துக்கு வையுங்கள். தூசி அதிகமுள்ள வீட்டில் வடிகட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

"லாரி கேபின்ல எப்படி மெஷின் வெச்சுத் தூங்குறது?"

முடியும், பலர் செய்கிறார்கள். லாரியில் 24 வோல்ட், காரில் 12 வோல்ட். மெஷினின் அடியில் அச்சிட்ட வோல்ட் அளவுக்கு ஏற்ற மாற்றியைத்தான் வாங்க வேண்டும், சிகரெட் லைட்டர் துளையில் எதையாவது செருகக் கூடாது. இன்வெர்ட்டர் வழியாக என்றால் முழு சைன் அலை வகை வேண்டும், மலிவானவை மெஷினைச் சூடாக்கிக் கெடுக்கும். ஈரப்பதச் சூடாக்கியை அணைத்தால் மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கும். அதனால் கேபினில் அதில்லாமல் ஓட்டுங்கள். வண்டி பேட்டரியை வடித்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால் தனி லித்தியம் பேட்டரி எடுத்துக்கொள்ளலாம். தொட்டியில் நீர் இருக்கும்போது வண்டியைக் கிளப்பாதீர்கள், மெஷினுக்குள் நீர் புகும்.

"மெஷின் போட ஆரம்பிச்ச மறுநாளே ஓட்டலாமா?"

சிலருக்கு முதல் இரவிலேயே தெளிவு தெரியும், பெரும்பாலோருக்குச் சில வாரம் ஆகும். உணர்வை நம்பாமல் மெஷினின் பதிவை நம்புங்கள். அதில் மூன்று எண்கள்: எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், எவ்வளவு ஒழுகியது, மிச்ச ஏ.எச்.ஐ. (மெஷின் மாட்டியும் மிஞ்சும் தடைகள்) எவ்வளவு. மிச்சம் 5-க்குக் கீழ் இருக்க வேண்டும். 4 மணி நேரம், 70 சதவீத இரவுகள் என்று ஒரு குறைந்தபட்ச அளவு சொல்வார்கள். அது காப்பீட்டுக் கணக்கில் பயன்படுத்தும் அளவு. ஓட்டுநர் தூங்கும் நேரம் முழுவதும் மாட்ட வேண்டும். மெஷின் இல்லாமல் போன இரவின் மறுநாள் தூக்கம் திரும்பி வரும், அன்று நெடுந்தூரம் வேண்டாம். மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்து, பகல் தூக்கம் அடங்கியதா என்று கேட்டுச் சொல்லும்வரை ஸ்டீயரிங்கை வேறொருவருக்கு விடுங்கள்.

"ஆர்.டி.ஓ.கிட்ட சொன்னா லைசென்ஸ் போயிடுமா? முதலாளிக்குத் தெரிஞ்சா வண்டியைத் தர மாட்டார்."

இந்தப் பயம்தான் நிறையப் பேரைப் பரிசோதனைக்கே வரவிடாமல் தடுக்கிறது. லைசென்ஸுக்கான படிவம் 1-ல் அப்னியாவைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்தாக முடியக்கூடிய வேறு நோய் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆவது பிரிவு, தனக்கு அப்படி ஒரு நோய் இருப்பது தெரிந்தே ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. முதல் தடவைக்கு 1,000 ரூபாய், அடுத்ததற்கு 2,000 ரூபாய் அபராதம். பிரிட்டனில் பகல் தூக்கத்தோடு நடுத்தர, தீவிர அப்னியா இருந்தால் உரிமத் துறைக்குச் சொல்லி ஓட்டுவதை நிறுத்த வேண்டும். சிகிச்சையில் கட்டுப்பட்டதும் திரும்ப ஓட்டலாம், லாரி, பஸ் ஓட்டுநருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு. நோய் இருப்பதால் பிழைப்பு போவதில்லை, கட்டுப்படாத தூக்கத்தால்தான் ஓட்ட முடியாமல் போகிறது.

முதலாளியிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். ரிப்போர்ட், மெஷின் பதிவு, மருத்துவர் கடிதம் மூன்றையும் எடுத்துப் போய், சில வாரம் பகல் டிரிப் அல்லது மாற்று டிரைவரோடு டிரிப் கேளுங்கள். வண்டி உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்திருந்த கணக்கு நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி ஓய்வு, இரண்டு பணிகளுக்கு நடுவே 9 மணி நேர இடைவெளி. மெஷின் வைத்திருக்கும் டிரைவருக்கும் அந்த 9 மணி நேரம் வேண்டும்.

"நான் ஓட்டல. ராத்திரி வாடகை கார்ல பின்னாடி உட்கார்றேன். டிரைவர் தூங்குறாரான்னு எப்படித் தெரியும்?"

கிளம்பும் முன்பே கேளுங்கள்: "அண்ணே, கடைசி டிரிப் எப்போ முடிஞ்சது, தூங்கி எழுந்தீங்களா?" வண்டியில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடாமல் ஒருவர் முன்சீட்டில் விழித்திருங்கள். கண்ணாடியில் அவர் இமை மெதுவாக மூடித் திறக்கிறதா, முகத்தையும் கழுத்தையும் தேய்த்துக்கொண்டே இருக்கிறாரா, கேட்டதற்கு இரண்டு நொடி தாமதித்துப் பதில் வருகிறதா, பிரேக் பிந்துகிறதா என்று பாருங்கள். தலை தொங்கினால் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள், ஸ்டீயரிங் வெட்டிவிடும். சாதாரணக் குரலில் பேச்சுக் கொடுத்து, பாத்ரூம் போக வேண்டும் என்று நிறுத்தச் சொல்லுங்கள். நின்றதும் அவரை 20 நிமிடம் படுக்கச் சொல்லி நீங்கள் காத்திருங்கள். தாமதத்துக்குக் காசைக் குறைக்க மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் அதற்குத்தான் பயப்படுகிறார்.

"ரிப்போர்ட்ல நோய் இருக்கு, ஆனா எனக்குப் பகல்ல தூக்கமே வரல. ஓட்டலாம்ல?"

தூக்கமே வராத சிலர் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் பல வருடம் அரைத்தூக்கத்தில் பழகிவிட்டதால் அதையே தெளிவு என்று நினைப்பவர்கள் அவர்களைவிட அதிகம். 2013 டிசம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பயணிகள் ரயில், 48 கி.மீ. வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 132 கி.மீ. வேகத்தில் போய்த் தடம் புரண்டது. 4 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குத் தீவிர அப்னியா இருந்தது விசாரணையில்தான் தெரியவந்தது, அதுவரை யாரும் கண்டறியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவர் அதிகாலைப் பணிக்கு மாறியிருந்தார்.

ஆகவே உங்கள் வார்த்தையைவிட வீட்டாரும் உடன் பயணிப்பவர்களும் சொல்வதைக் கேளுங்கள். எப்வொர்த் கணக்கை மனைவியையும் தனியே போடச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால் விழித்திருக்கும் திறனைச் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது: மங்கிய வெளிச்சத்தில் உட்கார வைத்து, 40 நிமிடம் விழித்திருக்கிறீர்களா என்று 2 மணி நேர இடைவெளியில் 4 முறை பார்ப்பார்கள். கடந்த ஓராண்டில் ஒருமுறை ஸ்டீயரிங்கில் கண் அசந்திருந்தாலும் அது எந்த மதிப்பெண்ணையும்விடக் கனமான தகவல், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

"மெஷினை ஒழுங்கா போடறேன், மிச்ச ஏ.எச்.ஐ. 3தான். இன்னும் மதியத்துல கண்ணைக் கட்டுதே?"

முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். மெஷின் 5 மணி நேரம் காட்டினால் நீங்கள் 5 மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரம் வேண்டும். அடுத்து மருந்துப் பெட்டி. சளிக்கும் அரிப்புக்கும் போடும் செட்ரிசின், குளோர்பெனிரமைன், சில இருமல் மருந்துகள், நரம்பு வலி மாத்திரைகள் எல்லாமே தூக்கம் தருபவை. மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டிப் பகலில் தூக்கம் தராத மாற்று கேளுங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் தொண்டைத் தசையைத் தளர்த்தி அப்னியாவையும் கூட்டும். பிறகு ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, படுத்ததும் கால் குடைந்து ஆட்டவேண்டும் போலிருப்பது, பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்ஸி நோய் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தூக்கம் மிஞ்சினால் மோடஃபினில் போன்ற விழிப்பு மாத்திரையை மருத்துவர் சிலருக்குத் தருவதுண்டு. அது மூச்சு நிற்பதைச் சரிசெய்யாது, மெஷினுக்கு மாற்றும் இல்லை. வழியில் யாரோ கொடுக்கும் "தூக்கம் வராத மாத்திரை"யை வாங்கிப் போடாதீர்கள். அதன் வேகம் இறங்கும் நேரத்தில் சேர்த்துவைத்த தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கும், அப்போது நீங்கள் எந்தச் சாலையில் இருப்பீர்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.